மரண அறிவித்தல்: பிலிப்ஸ் புரொன்ரோ (1998–2010)

பெல்ஜியத்தின் லூவன் நகரைப் பிறப்பிடமாகவும், வட அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளின் வரவேற்பறை மேசைகளை வதிவிடமாகவும் கொண்டிருந்த பிலிப்ஸ் புரொன்ரோ 2010 ஆம் ஆண்டு காலமானது. அன்னார் நெதர்லாந்துப் பிலிப்ஸ் குடும்பத்தின் செல்லப் பிள்ளையும், மரான்ஸ் ஆர்சி 5000 இன் உடன்பிறந்த சகோதரமும், மேசையில் சிதறிக் கிடந்த நாலைந்து றிமோற்றுகளின் வேலையைத் தனியொருவராகப் பார்த்தவரும் ஆவார். உற்றார், உறவினர் பலருக்கு அப்போது செய்தி போய்ச் சேரவில்லை. காலந்தாழ்த்தியாவது யாராவது அறிவிக்க வேண்டும் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஒரு றிமோற்றுக்குப் போய் மரண அறிவித்தலா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரரான எங்களுக்கு இந்த வடிவம் வேண்டிய அளவு பழக்கம். 1990 ஜூன் 15 ஆம் திகதி போரால் எங்கள் ஊர் எழும்பி ஓடியது. பலாலி விமானத்தளத்தைச் சுற்றி விரிந்த உயர்பாதுகாப்பு வலயம் கடற்கரை, கோயில், காசநோய் ஆஸ்பத்திரி, மீன் இறங்குதுறை எல்லாவற்றையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. துறைமுகமும் அதை ஒட்டிய 54 ஏக்கரும் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3 ஆம் திகதி. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அந்த ஊரில் ஒரு பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அங்கே பிறந்தவர்கள் பாரிஸிலும் லண்டனிலும் ஸ்காபரோவிலும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். மயிலிட்டி என்ற பெயர் தொடர்ந்து அச்சில் வந்த இடம் மரண அறிவித்தலின் முதல் வரிதான். அந்த வரிசையில் ஒரு இயந்திரத்துக்கும் இடம் கொடுப்பதில் எனக்குக் கூச்சமில்லை. அது எங்கள் ஆட்கள் சிலருடைய வீட்டில் இருந்து, அவர்களுடைய சொற்களைத் தன் முகத்தில் சுமந்த இயந்திரம்.

புரொன்ரோ 1998 இல் வந்தது. அந்த வருடம் கைப்பேசி என்றால் இலக்கங்களை அழுத்தி அழைக்கும் நொக்கியா போன்றதுதான். விரலால் தொட்டால் பக்கம் மாறும் திரை என்பதைப் பலர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. புரொன்ரோவின் திரை 320க்கு 240 புள்ளிகள். நிறம் கிடையாது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் நான்கு சாயல்கள். ஓரத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் சனல் மாற்றவும் சில நிஜப் பொத்தான்கள். விலை 400 அமெரிக்க டொலருக்குக் கிட்ட. ரிவி விலையில் ஒரு றிமோற் என்று பகிடி பண்ணியவர்கள் அநேகர்.

அதன் பெருமை திரையில் இல்லை, திரைக்குப் பின்னால் இருந்த ஒரு கணினி மென்பொருளில் இருந்தது. பெயர் புரொன்ரோ எடிட். அதைத் திறந்தால் வெறுமையான ஒரு பக்கம் வரும். எங்கே பொத்தான் இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதன் மேல் என்ன எழுத்து, என்ன படம், அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், அடுத்த பக்கம் எது: எல்லாம் வீட்டுக்காரரின் விருப்பம். வரைந்து முடித்ததும் சீரியல் கேபிளால் கணினியோடு பிணைத்து இறக்க வேண்டும். கொஞ்சம் பெரிய வேலையென்றால் இறங்கி முடிவதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிடலாம். அப்படி வரைந்தது முழுவதும் சிசிஎஃப் என்ற ஒரே கோப்பாக உங்கள் கணினியில் கிடக்கும். அது உங்களுடையது. நகல் எடுக்கலாம், சிநேகிதனுக்குக் கொடுக்கலாம், நாளைக்குப் பிடிக்காவிட்டால் பழையதை மறுபடி ஏற்றலாம்.

பழைய றிமோற்றின் மூக்கையும் புரொன்ரோவின் மூக்கையும் நேருக்கு நேர் வைத்து, பழையதை அழுத்தினால் புதியது கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதை வரிசையாகக் கோத்தால் ஒரு பொத்தானில் பத்து வேலை. ரிவி எரிய வேண்டும், அது சூடேறும் வரை சில செக்கன் பொறுக்க வேண்டும், பிறகு டிவிடிக்கு மாற வேண்டும், பிறகு விளக்கு மங்க வேண்டும். பொறுக்கும் நேரம் எவ்வளவு என்பதை அவரவர் வீட்டு ரிவியின் சோம்பலுக்கு ஏற்ப அளந்து போட வேண்டும். அளவு பிழைத்தால் படம் ஓடும், சத்தம் வராது.

இதில் ஒரு பெரிய தலையிடி இருந்தது. அகச்சிவப்புக் கதிர் ஒருவழிப் பாதை. புரொன்ரோ கட்டளை இடும். கேட்டதா, நடந்ததா என்று மறுபக்கம் பதில் சொல்லாது. அநேக ரிவிகளில் எரிய வைக்கவும் அணைக்கவும் ஒரே பொத்தான்தான். பாதிக் கட்டளை போகும்போது யாராவது குறுக்கே நடந்தால் போதும்; ரிவி எரியும், ஒலிபெருக்கி அணைந்திருக்கும், அடுத்த முறை அழுத்த இரண்டும் இடம் மாறும். இதற்கு மருந்து தேடி அலைந்தார்கள் புரொன்ரோ பிரியர்கள். கம்பனி றிமோற்றில் வைக்காமல் ஒளித்திருந்த தனி ‘எரி’, தனி ‘அணை’ குறியீடுகளை ஒவ்வொரு மொடலுக்கும் தோண்டி எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். ஒரு பொருளை வாங்கியவர்கள் அதைச் செய்தவர்களைவிட அதை நன்றாக அறிந்திருந்த காலம் அது.

என் பெரியப்பா ஒருவர் ஸ்காபரோவில் இரவு வேலை பார்த்தவர். பகலில் தூக்கம் வராது. நிலவறையில் ஒரு பழைய கணினியும் புரொன்ரோவும் வைத்திருந்தார். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது, படம் தெரியும். அவர் பாமினி எழுத்துருவில் தட்டி, பெயின்ற்றில் வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் படமாக்கி ஒட்டினார். விறாந்தை, சாமியறை, குசினி, கிணற்றடி. ஸ்காபரோ வீட்டில் கிணறு ஏது? பின்வளவு விளக்குக்குத்தான் அந்தப் பெயர்.

“தம்பி, இஞ்ச பார். ஊர் வீட்டு வாசல்ல இருந்த அதே ஓடர்” என்று காட்டினார். மயிலிட்டி வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் மரப்பலகையில் பதித்த கறுப்புச் சுவிச்சுகள் நாலு. இடமிருந்து வலம் எது எது என்பது அவருடைய கைக்குத் தெரியும். இருட்டிலும் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அதே வரிசையைத் திரையில் வைத்திருந்தார். இன்னொரு நுட்பமும் செய்திருந்தார். இலங்கையில் சுவிச்சைக் கீழே தட்டினால் எரியும். கனடாவில் மேலே தட்டினால் எரியும். அவர் வரைந்த சுவிச், எரியும்போது கீழே சாய்ந்திருந்தது. “இவங்கட சுவிச்சுக்குத்தான் தலைகீழ்” என்றார். பெரியம்மா மட்டும் கடைசிவரை அதைத் தொடவில்லை. சுவரில் சுவிச் இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்பது அவவின் கட்சி. நியாயமான கட்சிதான்.

அவர் மாதிரியான ஆட்கள் இந்த வேலையில் இவ்வளவு ஊறியதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1990 இல் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தடை, மண்ணெண்ணெய் அருந்தல். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் போட்டு விளக்காக்கிப் படித்தார்கள். சைக்கிளை நிறுத்தி மிதித்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள். செய்து கொடுக்கப்பட்ட பொருள் செய்தவன் சொன்ன வேலையை மட்டும்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு அடியோடு போய்விட்டது. வெறும் பக்கத்தோடு வந்த ஒரு இயந்திரம் அவர்கள் கையில் சும்மா கிடக்குமா?

விளக்குகளை எரிக்க புரொன்ரோவுக்குத் துணை தேவைப்பட்டது. அது எக்ஸ்10. ஸ்கொட்லாந்தின் கிளென்றோதஸ் நகரில் பைக்கோ எலக்ட்ரோனிக்ஸ் 1975 இல் உருவாக்கிய முறை அது. தனி வயர் வேண்டாம். சுவருக்குள் ஓடும் மின்கம்பியே சேதியைச் சுமக்கும். மாறுமின்னோட்டம் ஒவ்வொரு முறை பூச்சியத்தைக் கடக்கும்போதும் 120 கிலோஹேர்ட்ஸில் ஒரு சிறு துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். வீட்டுக்கு ஒரு எழுத்து, விளக்குக்கு ஒரு இலக்கம். 16 எழுத்து, 16 இலக்கம், ஆக 256 முகவரிகள். புரொன்ரோவின் அகச்சிவப்புக் கதிரை ஒரு சிறு பெட்டி வாங்கி மின்கம்பியில் இறக்கிவிடும். கட்டளை போய்ச் சேர ஒரு செக்கன் அளவில் ஆகும். குளிர்பதனப்பெட்டி ஓடினால் சிலவேளை சேராது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தால் அவர் வீட்டு விளக்கை நீங்கள் அணைக்கலாம், உங்களுடையதை அவர். இவ்வளவு குறையோடும் மனிதர்கள் அதைக் காதலித்தார்கள்.

இனி மரணத்தின் காரணம். ஒன்றல்ல, மூன்று.

முதலாவது காரணம் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் அடர்ந்து வாழும் அதே வட்டாரத்தில் பிறந்தது. மிசிசாகாவில் இருந்த இன்ட்ரீக் டெக்னோலொஜிஸ் செய்த ஹார்மனி றிமோற். அதில் எதையும் வரைய வேண்டாம். எந்த ரிவி, எந்த ஒலிபெருக்கி என்று அவர்களின் இணையத்தளத்தில் சொன்னால் போதும். அவர்களே எல்லாம் அமைத்துத் தருவார்கள். 2004 இல் லொஜிரெக் அதை வாங்கியது. பெரியம்மாவின் கட்சி வென்றது என்று சொல்லலாம். ஆனால் விலை ஒன்று இருந்தது: உங்கள் வீட்டு அமைப்பு இனி உங்கள் கணினியில் இல்லை, அவர்கள் கணினியில்.

இரண்டாவது, 2007 இல் ஐபோன், 2010 இல் ஐபாட். நிறமும் வைஃபையும் கொண்ட பெரிய கண்ணாடித் திரை எல்லோர் வீட்டுக்கும் வந்த பிறகு தனியொரு றிமோற்றுக்கு யார் பெருந்தொகை கொடுப்பார்கள்? புரொன்ரோவும் சும்மா இருக்கவில்லை. நிறத்திரை வந்தது, வைஃபை வந்தது, ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படையில் புரொன்ரோஸ்கிரிப்ட் என்று நிரல் எழுதும் வசதியும் வந்தது. அந்தக் கடைசி மொடல்கள் இருவழியாகவும் பேசும். விளக்கு எரிகிறதா என்று கேட்டு அறியும். முன்பிருந்த ஊமைத்தனம் தீர்ந்த நேரத்தில் ஆயுளும் தீர்ந்தது.

மூன்றாவதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். பிலிப்ஸ் மெல்ல மெல்லப் புரொன்ரோவை வீட்டுக்காரரிடமிருந்து எடுத்து, வீடு வீடாகப் பொருத்திக் கொடுக்கும் தொழில்காரரிடம் கொடுத்தது. பெரிய மாளிகைகளுக்குத் தொடுதிரை செய்யும் கிரெஸ்ரொன், ஏஎம்எக்ஸ் போன்றவர்களின் உலகில் அது ஏற்கெனவே வழமை: திரையைத் தொழில்காரர் வரைவார், மூலக்கோப்பு அவரிடமே இருக்கும், ஒரு பொத்தானின் பெயரை மாற்றக்கூட அவரைக் கூப்பிட வேண்டும். கையில் கேபிளோடு இரவிரவாக இருந்த கூட்டந்தான் புரொன்ரோவின் பலம். அந்தக் கூட்டத்தை நடுவில் விட்ட பிறகு அதற்காக அழ ஆளில்லை. 2010 இன் நடுப்பகுதியில், அந்த ஆண்டு முடிவோடு இந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக பிலிப்ஸ் அறிவித்தது. அடுத்த ஆண்டே தன் ரிவி வியாபாரத்தையும் வேறொரு கூட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றப் போவதாகச் சொன்னது.

ஆனால் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பிலிப்ஸ் கைவிட்ட மறுநாளும் புரொன்ரோ வேலை செய்தது. பத்து வருடம் கழித்தும் செய்தது. பற்றரியும் கோப்பும் இருந்தால் இன்றும் செய்யும், ஏனென்றால் அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பின்னால் வந்தவர்கள் போன விதம் வேறு. ரிவோல்வ் என்று ஒரு வீட்டு மையப்பெட்டி, 300 டொலருக்கு விற்றது, வாழ்நாள் சந்தா உட்பட. நெஸ்ட் நிறுவனம் அதை 2014 இல் வாங்கி, 2016 மே 15 ஆம் திகதி அதன் சேவையை நிறுத்தியது. வாழ்நாள் என்றது யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்களுக்கு அன்றுதான் விளங்கியது. எக்ஸ்10 இன் வாரிசு போல வந்த இன்ஸ்ரியொன் 2022 ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் சேர்வர்களை அணைத்துவிட்டுப் போனது. பிறகு பாவனையாளர்களே சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பித்தார்கள். ஹார்மனியையே லொஜிரெக் 2021 ஏப்ரலில் உற்பத்தி நிறுத்தியது. புரொன்ரோவைக் கொன்றவர் அதற்குப் பிறகு பதினொரு வருடங்கூட நிறைவாக வாழவில்லை.

அன்னார் விட்டுச் சென்ற சொத்து ஒன்று உண்டு. அகச்சிவப்புக் கட்டளைகளை எழுத புரொன்ரோ பாவித்த பதினாறடிமான எண்வரிசை இன்றும் உலகப் பொதுவழக்கு. 0000 006டி என்று தொடங்கும் வரிசையை எங்காவது கண்டால் அது புரொன்ரோவின் கையெழுத்து. முதல் நான்கு, இது கற்றுக்கொண்ட குறியீடு என்கிறது. அடுத்த நான்கு, 38 கிலோஹேர்ட்ஸ் அலை என்கிறது. இன்று ஒரு சிறு வைஃபை சில்லை வைத்துத் தன் குளிரூட்டியைத் தானே இயக்கப் பார்க்கும் பொடியன், அந்த வரிசையைத்தான் நகலெடுத்து ஒட்டுகிறான். யாருடைய மொழி என்று அவனுக்குத் தெரியாது.

நேர்மையாகச் சொன்னால், வரையும் ஆட்கள் முற்றாக அற்றுப்போகவில்லை. 2013 இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் ஓடும், இணையம் இல்லாமலும் விளக்கு எரிக்கும், யுனிகோட் என்பதால் தமிழைப் படமாக்க வேண்டியதில்லை. பழைய ரப் ஒன்றைச் சுவரில் மாட்டி, வீட்டின் வரைபடத்தைப் போட்டு, அறை அறையாக விளக்கு வைப்பவர்கள் உண்டு. ஆனால் அது இப்போது ஒரு சிலரின் பித்து. மற்றவர்களின் கைப்பேசியில் கம்பனிக்கு ஒன்றாக ஆறு செயலிகள். ஒவ்வொன்றும் தானாகவே அறைகளை அடுக்கி, தானாகவே சதுரங்களை வைத்து, அடுத்த புதுப்பிப்பில் தானாகவே இடம் மாற்றிவிடும். கைக்குப் பழகும் முன் பொத்தான் வேறிடம் போய்விடுகிறது.

மயிலிட்டிக்கு வருகிறேன். துறைமுகம் திருத்தப்பட்டு 2019 இல் திறந்தது. திரும்பிய காணிகளில் பற்றை வெட்டி, எல்லைக்கல் தேடி, வீடு எழுப்பினார்கள். இன்னும் விடுபடாத காணிகளும் அந்தப் பகுதியில் உண்டு. பழைய வீடு என்று பலருக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை, அத்திவாரம்கூட. அதனால் பெரியப்பாவின் நாலு சுவிச் பலகை உலகத்தில் இருந்த கடைசி இடம், ஸ்காபரோவில் ஒரு சாம்பல் நிறத் திரைதான். அவர் போன பிறகு கணினியும் போய்விட்டது. கோப்பை யாரும் எடுத்து வைக்கவில்லை.

புதிதாக எழும்பும் வீடுகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். வாசலில் கமரா, உள்ளே வைஃபை சுவிச். அங்கிருந்தபடியே கேற் விளக்கைப் போடலாம், வளவுக்குள் யார் வந்தது என்று பார்க்கலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். 27 வருடம் தன் வளவைச் செய்மதிப் படத்தில் மட்டும் பார்த்தவனுக்கு, இரவு அந்த வளவில் ஒரு விளக்கை எரியவிட்டுப் பார்ப்பது சின்ன விஷயமா? ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட வேண்டாம். சோலாரும் இன்வேட்டரும் உள்ள வீட்டில் விளக்குக்கு மின் இருக்கும். இணையம் விழுந்துவிட்டால், சிங்கப்பூரிலோ சீனாவிலோ இருக்கும் சேர்வரைக் கேட்டுத்தான் எரிவேன் என்று அடம்பிடிக்கும் செயலியால் பிரயோசனம் இல்லை. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்த நேரம் சுவர்தான் துணை.

ஆகவே சில வேண்டுகோள்கள். பரணிலோ நிலவறையிலோ புரொன்ரோ ஒன்று கிடந்தால் எறிய வேண்டாம். அதற்கென்று வரைந்த சிசிஎஃப் கோப்பைப் பழைய கணினியில் தேடி நகல் எடுத்து வையுங்கள், அது யாரோ ஒருவரின் வீட்டு வரைபடம். ஊரில் வீடு கட்டுபவர்கள், தொடுதிரை வேண்டுமென்றால், இணையம் இல்லாமலும் இயங்கும் பொருளா என்று கேட்டு வாங்குங்கள். பொருத்தித் தருபவரிடம் அமைப்புக் கோப்பைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தது நீங்கள். பொத்தான்களுக்குப் பெயர் வைப்பதை வீட்டில் இருக்கப்போகிறவர்களிடம் விடுங்கள். எந்தத் திரை வைத்தாலும் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் நிஜச் சுவிச் இருக்கட்டும். இன்னொன்று: பழைய முறையில் வயர் இழுத்தால் சுவிச் பெட்டிக்கு நியூட்ரல் வராது, இன்றைய வைஃபை சுவிச்சுகளில் அநேகமானவை நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யாது. சுவர் பூசுவதற்கு முன்பே, ஒவ்வொரு பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லி வயரிங் பாஸிடம் சொல்லிவிடுங்கள். பூசிய பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டிவரும்.